மணம் போன வீட்டுக்கு வந்த கிரேஸ் மிஸ்ஸி

கிரேஸ் மிஸ்ஸி காலமான செய்தி வந்தபோது நான் மருதனார்மடம் சந்தியில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழைத்தவள் அவருடைய பெறாமகள், தங்கையின் பிள்ளை. "அக்கா, அன்ரி விடிய மோசம் போட்டா. நெஞ்சு நோகுது எண்டவ. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முதலே..." என்றாள். கொண்டக்டர் எங்கே போகவேண்டும் என்று கேட்டார். எனக்கும் அது தெரியவில்லை. "இறங்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கினேன். உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு வந்தது துக்கமில்லை, பயம். இனி என்னை யார் கேட்பார்கள் என்ற பயம்.

அவரிடம் கேள்வி வாங்கியவர்களுக்கு இந்தப் பயம் விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்களில் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கிரேஸ் மிஸ்ஸி நெடுங்காலம் மனநல விடுதியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. ஹெல்மெட்டைக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டு, தன் பழைய ஸ்கூட்டியில் வலிகாமம் முழுக்கச் சுற்றினார். ஆள் கட்டை, குரல் பெரிது. தேவாலயப் பாடகர் குழுவில் அவர் சுருதி தப்பிப் பாடுவதை மூன்று போதகர்மார் பொறுத்துக்கொண்டார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். யாருடைய வீட்டுக்குப் போனாலும் கதிரையில் இருக்கமாட்டார், நேரே குசினிக்குள், அடுப்படிக்கே போய்விடுவார். பல பேருக்கு அது பிடிப்பதில்லை. "விறாந்தையிலை எல்லாரும் சுகமாய்த்தான் இருப்பினம். குசினிக்குள்ளைதான் வருத்தம் தெரியும்" என்பார்.

என் கதையை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. மகள் பிறந்த சில மாதங்களில் எனக்குக் கொரோனாக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, ஆனால் போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தொடக்கத்தில் அது பகிடியாகத்தான் இருந்தது. கருவாடு பொரிக்கிற நாளில் வீட்டிலேயே நிம்மதியாக இருந்தவள் நான் ஒருத்திதான். பிறகு சோறு வாய்க்குள் நனைந்த கடதாசி மாதிரி ஆனது. என் உடம்பு நாறுகிறதோ என்ற சந்தேகம் பிடித்து, குளித்துவிட்டு வந்து திரும்பவும் குளித்தேன். ஆட்கள் கிட்ட வந்தால் விலகி நின்றேன். இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். மகளைத் தூக்கி உச்சியை முகர்ந்தால் அங்கே ஒன்றுமே இல்லை. பாலும் எண்ணெயும் வியர்வையும் கலந்த அந்த மணம் எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று அது போன பிறகுதான் தெரிந்தது. யாரோ ஒருத்தி, "கொஞ்சம் பாத்துக்கொள்ளும்" என்று தன் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுத் திரும்பி வராமல் போனதுபோல இருந்தது. மகள் அழுவாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பெற்ற தாய் இப்படி இருப்பாளா என்ற வெட்கத்தில் நான் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை மாமி, என் கணவரின் தாயார், ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிருந்தார். கணவருக்குக் கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம், அவர் விடியவே போய்விட்டார். பாலைக் காஸ் அடுப்பில் வைத்திருந்தேன். பிள்ளை அழுத சத்தம் கேட்டு அறைக்குள் வந்து, அவளுக்குப் பக்கத்தில் அப்படியே படுத்துவிட்டேன். பால் பொங்கி நெருப்பை அணைத்துவிட்டது, காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. கோயிலால் வந்த மாமி வாசற்படியில் கால் வைத்ததுமே கத்திக் குழறத் தொடங்கினார். அடுப்பை மூடி, ஜன்னல்களை அடித்துத் திறந்து, பிள்ளையை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"எடியே, வீடு முழுக்கக் காஸ் மணக்குது! உனக்கு விளங்கேல்லையோ?"

"இல்லை மாமி. எனக்கு மணக்கேல்லை."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார். அது எனக்குக் கை எட்டாத பக்கம்.

காய்ச்சல் போய் இவ்வளவு நாளாகியும் மணம் வரவில்லை, காஸை நான் வேண்டுமென்று திறந்துவிடவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நானும் முன்பே வாய் திறந்து சொன்னவளில்லை. கணவர் என் பக்கத்தில் வந்து இருந்து, "உமக்கு இஞ்சை ஏதும் குறையோ?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து பிள்ளை மாமியின் அறையில் படுத்தாள். நான் குசினிக்குள் போனால் யாராவது ஒருவர் ஏதோ எடுக்க வந்தவர்போலப் பின்னால் வந்து நின்றார்கள். பிள்ளையைத் தூக்கினால் மாமியின் கை கொஞ்சத் தூரத்தில் காத்துக்கொண்டிருந்தது. ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மாமி கெட்டவரில்லை. தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். செத்தல் மிளகாயும் உப்பும் தெருமண்ணும் எடுத்து என்னைச் சுற்றி நாவூறு கழித்து, விறகடுப்பில் போட்டார். நாவூறு இருந்தால் மிளகாய் எரியும்போது மணக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்று வீடே இருமியது. கணவர் முற்றத்துக்கு ஓடினார். நானும் இருமினேன், என் கண்ணாலும் தண்ணீர் வடிந்தது. மாமி சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உனக்கு மணக்குதோ?" என்றார். "இல்லை" என்றேன். மாமிக்கு அதுவே காணும், வேறு சாட்சி வேண்டாம். எல்லாருக்கும் மணந்து எனக்கு மட்டும் மணக்கவில்லை என்றால், நாவூறு முழுக்க என்னில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தரம் மிளகாய் எரிந்தது. ஆசுபத்திரிக் கதையை யாராவது எடுத்தால், "முதல் உது கழியட்டும்" என்று மாமி வாயை அடைத்துவிடுவார். நான் ஒவ்வொரு தரமும் உண்மையைச் சொன்னேன், ஒவ்வொரு தரமும் அது எனக்கு எதிராகவே திரும்பியது.

என்னோடு படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிரேஸ் மிஸ்ஸியிடம் சொல்லியிருக்கிறார். மிஸ்ஸி சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வழக்கம்போல நேரே குசினிக்குள் போய் ஒரு பலகையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார். மாமி மிளகாய்க் கதையை ஒன்றும் விடாமல் சொன்னார். படித்த மனுசி இதைக் கேட்டுச் சிரிக்கப்போகிறார், மாமி கோபித்து அவரை வெளியே அனுப்பப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"அக்கா, மிளகாய் எரியேக்கை உங்கடை மருமகள் இருமினவவோ?"

"ஓம், நல்லாய் இருமினவள்."

"கண்ணாலை தண்ணி வந்ததோ?"

"வந்தது."

"ஆனால் மணக்கேல்லை எண்டவ. அப்பிடித்தானே?"

"ஓம். அதுதானே சொல்லுறன், நாவூறு எண்டு!"

"இல்லையக்கா. எரிவு அறியிறது ஒரு நரம்பு, மணம் அறியிறது வேறை நரம்பு. எரிவு தெரியுது, மணம் தெரியேல்லை. இவ பொய் சொல்லுறதெண்டால் இருமாமல் எல்லோ நிண்டிருப்பா? நாங்கள் கிளினிக்கிலை பாக்கிற சோதனையை நீங்கள் அடுப்பிலை பாத்திருக்கிறியள்."

பிறகு என் கண்ணைக் கட்டினார். கோப்பித்தூள், தேசிக்காய், மண்ணெண்ணெய் போத்தல் மூடி என்று ஒவ்வொன்றாக மூக்கடியில் பிடித்தார். எனக்கு எல்லாம் ஒன்றுதான். கட்டை அவிழ்த்தபோது மாமி அழுதுகொண்டிருந்தார். "அப்ப நீ வேணுமெண்டு செய்யேல்லை. ஐயோ, நான் என்னவெல்லாம் நினைச்சிட்டன்" என்று என் கையைப் பிடித்தார். எனக்கு மூச்சு வந்தது. ஒரு பெரிய வழக்கில் வென்றவள்போல நின்றேன். எல்லாம் மூக்கின் பிழை என்று சொல்லிவிட்டு இத்தோடு தப்பிவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது.

மிஸ்ஸி எழும்பவில்லை. "அக்கா, எனக்குக் கொஞ்சம் முருங்கையிலை முறிச்சுத் தாங்கோ, கொண்டுபோக" என்று மாமியை வளவுக்கு அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காஸ் கதை முடிஞ்சுது. இனி உம்மடை கதை. செத்தால் நல்லம் எண்டு நினைக்கிறனீரோ?"

என் வாழ்க்கையில் யாரும் அப்படி முகத்துக்கு நேரே கேட்டதில்லை. "அண்டைக்கு நான் அப்பிடி நினைக்கேல்லை மிஸ்ஸி. சத்தியமாய்" என்றேன்.

"நான் அண்டைக்கு எண்டு கேக்கேல்லை."

வளவில் மாமி கொப்பு முறிக்கிற சத்தம் கேட்டது. அறையில் பிள்ளை சிணுங்கத் தொடங்கினாள். இல்லை என்று சொன்னால் பிள்ளை இன்றைக்கே என் அறைக்கு வந்துவிடுவாள். ஓம் என்று சொன்னால் இனி ஒருக்காலும் தரமாட்டார்கள். மிஸ்ஸி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

"ஓம்" என்றேன். "கன நாளாய்."

"நல்லது. சொல்லிப்போட்டீர். இனி இதை நீர் தனியத் தூக்கத் தேவையில்லை" என்றார். மாமி இலையோடு வந்ததும் என்னை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மாமி இலைக் கட்டைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டார். மிஸ்ஸி அதற்கும் அசையவில்லை. "மணத்துக்கும் மனசுக்கும் மூளையிலை பக்கத்துப் பக்கத்து வீடு, அக்கா. ஒரு வீட்டிலை விளக்கு நூந்தால் மற்ற வீட்டிலையும் இருட்டு. எந்த வீடு முதல் நூந்தது எண்டு நாங்கள் இருந்து ஆராயத் தேவையில்லை. ரெண்டையும் டொக்டர் பாக்கட்டும். பிள்ளையைத் தாயிட்டைக் குடுங்கோ. நீங்களும் அதே அறையிலை படுங்கோ. காவலுக்கில்லை, துணைக்கு." அன்று மாமி பாயை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார்.

இதை வாசித்துவிட்டு அவரை ஒரு சாந்தசொரூபி என்று எண்ணிவிடாதீர்கள். கொஞ்சம் சுகமானதும் டொக்டர் தந்த குளிசையை நான் நிறுத்திவிட்டேன். அது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. மருதனார்மடம் சந்தைக்குள், கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். "பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனீர், உமக்கு ஆர் படிப்பிக்கிறது?" என்று கேட்ட கேள்வியில் தராசு பிடித்துக்கொண்டிருந்தவரும் கையை நிறுத்திவிட்டார். அவமானத்தில் பல நாள் அவரோடு கதைக்கவில்லை. குளிசையை மட்டும் அன்றே திரும்பத் தொடங்கினேன். காலையும் மாலையும் தேசிக்காயையும் கராம்பையும் முகர்ந்து பழகக் கிளினிக்கில் சொன்னார்கள். முதலில் வந்த மணம் கோப்பி, அதுவும் ரயர் எரிகிற மாதிரி. அழுதுகொண்டு அவருக்கு ரெலிபோன் எடுத்தேன். "நாறினாலும் வருகுதெல்லோ, பிறகேன் அழுகிறீர்?" என்று வைத்துவிட்டார்.

மகளின் மணம் மட்டும் வரவில்லை. ஒரு நாள் தேவாலய வாசலில் அவருக்காகக் காத்து நின்று, "அது வராட்டில் என்ன செய்யிறது மிஸ்ஸி?" என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை.

"வராட்டில் வராது. ஆனால் பிள்ளைக்கு உம்மடை மணம் தெரியும். ஆர் தூக்கினாலும் நிறுத்தாத அழுகையை உம்மடை தோளிலை நிறுத்துறாளோ இல்லையோ? இப்போதைக்கு அது காணும்."

நான் வீட்டுக்குப் போய் அதைக் கவனித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. என் மூக்குச் செத்துக் கிடந்த மாதங்களிலும் அவள் என்னைத் தன் தாய் என்று அறிந்துதான் இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு நான் அவள் உச்சியைச் சோதிப்பதை விட்டுவிட்டு, சும்மா தூக்கி வைத்திருக்கப் பழகினேன். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்தத் தேவாலய வாசல் நாளிலிருந்து, போன மாதம் காலமாகும்வரை மிஸ்ஸி சனிக்கிழமைகளில் என்னோடு ரெலிபோனில் கதைத்தார். சுகமோ என்று கேட்கமாட்டார். "இண்டைக்கு என்ன மணந்தது?" என்பார். நான் பதில் சொல்கிற விதத்திலேயே என் நிலைமை அவருக்குத் தெரிந்துவிடும். செத்தவீட்டில் பார்த்தேன், என்னைப்போலக் கண் கலங்கி, ஒருவரோடொருவர் கதைக்காமல் நின்றவர்கள் எத்தனை பேர். இதை வாசிக்கிற உங்களில் சிலர்தான் அவர்கள். உங்களுக்கும் சனிக்கிழமையோ புதன்கிழமையோ ஒரு ரெலிபோன் வந்திருக்கும்.

அடக்கம் முடிந்து அடுத்த கிழமை எனக்குக் கோப்பியின் மணம் மங்கத் தொடங்கியது. அவர் போன துக்கமாக இருக்கலாம், பழைய வருத்தமாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரும் இனி இல்லை. சனிக்கிழமை வந்தது. ரெலிபோனை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை போய் மத்தியானமானது. எனக்கு ஒன்றுமில்லை, நாளைக்குச் சரியாகிவிடும் என்று மனம் தன் பழைய கணக்கைத் திரும்பப் போடத் தொடங்கியது. அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். எழும்பிக் குசினிக்குப் போனேன். மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, எனக்குத் திரும்பக் குறையுது. மணம் மட்டுமில்லை. சாகிற நினைப்பு இன்னும் வரேல்லை. வர முதல் சொல்லுறன்."

மாமி கத்தியை வைத்தார். கையைக் கழுவினார்.

"திங்கக்கிழமை கிளினிக் இருக்கெல்லோ? நானும் வாறன். அதுவரைக்கும் நீ என்னோடை இரு."

மிஸ்ஸி அன்று இருந்த பலகையை எனக்குத் தள்ளிவிட்டார். நான் இருந்தேன். கிரேஸ் மிஸ்ஸியிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான். யாரும் கேட்காமல் நானாகவே வாயைத் திறந்து சொன்னேன்.