டெய்ச்சேயின் கோப்பில் இல்லாத காகிதம்

பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் டெய்ச்சே முதலில் சொல்வது கூரை ஒழுகுவதைத்தான்.

"மூணாம் வகுப்புல மழை பேஞ்சா ஒரு மூலை நனையும். வாளி வெச்சிருக்கோம். அப்புறம் வந்து சொல்லலேன்னு சொல்லக் கூடாது."

மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். கணக்கு வாத்தியார் கெட்டிக்காரர். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் மனாடோ பட்டணத்துக்குப் போய்விட்டார், இன்னும் ஆள் அமையவில்லை. காலை ஆறே முக்காலுக்கு ஜெபம். அதில் நாளுக்கொரு பிள்ளை எழுந்து நின்று தன் சொந்த வார்த்தையில் ஜெபிக்க வேண்டும். எழுதிக்கொண்டு வந்து படிப்பது ஆகாது. வேறு மதத்துப் பிள்ளைகளும் ஜெபத்தில் உட்கார வேண்டும், ஆனால் வாய் திறக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பெற்றோர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு வந்து பள்ளித் தோட்டத்தைக் கொத்திக் கொடுக்க வேண்டும். "கூலிக்கு ஆள அனுப்பறேன்னா செல்லாது. நீங்கதான் வரணும். உங்க கையில காப்புக் காய்க்கறத உங்க பிள்ள பாக்கணும்."

பள்ளியை நடத்தும் அறக்கட்டளை அச்சடித்த வழவழப்பான தாளில் இதெல்லாம் கிடையாது. அதில் சிரிக்கும் குழந்தைகளும், எரிமலைப் பின்னணியில் ஒரு சிலுவையும் இருக்கும். அதை விசிறியாக வைத்துக்கொண்டு டெய்ச்சே பேசுவதைத்தான் எங்கள் தொமோஹோன் ஊர்ப் பெற்றோர்கள் கேட்பார்கள். அவள் ஆசிரியை அல்ல, முன்னறையில் உட்கார்ந்து பதிவு பார்க்கிறவள். ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லோருமே இங்கே 'என்சி', அதாவது டீச்சரம்மா, என்பதால் அவளும் என்சி.

கடைசியாக ஒரு சமாச்சாரத்தைச் சொல்லும்போது குரலைத் தணித்துக்கொள்வாள். தாய் தகப்பனுடைய கோவில் திருமணச் சான்று வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் குதிரைக்கொம்பு. கல்யாணம் என்றால் வட்டாரத்து வீடுகள் அத்தனைக்கும் பன்றி அடித்துப் போட வேண்டும். போடாவிட்டால் அது கல்யாணமே இல்லை. அதனால் இளசுகள் முதலில் குடித்தனம் வைத்துவிடுகின்றன, விருந்து அப்புறம் என்று. அந்த அப்புறம் ஐந்து வருஷம், பத்து வருஷம் போகும். யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதும் இல்லை.

பன்றிக்குக்கூட வழி பண்ணிவிடலாம். பயம் வேறு இடத்தில். கல்யாணத்துக்கு முன் இரண்டு ஞாயிறுகளில் சபை மூப்பர் மணமக்கள் இருவர் பெயரையும் கோவிலில் சத்தமாக வாசிப்பார். ஆட்சேபம் உள்ளவர் வந்து சொல்லலாம் என்பார். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஊரே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

டெய்ச்சே விடமாட்டாள். ஒரே விருந்தில் மூன்று ஜோடிகளுக்குச் சேர்த்துக் கல்யாணம் பேசி முடிப்பாள். அழுகிறவளுக்குத் தண்ணீர் கொடுப்பாள். "ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க, நான் சொல்றேன்" என்பாள். பத்தொன்பது வருஷத்தில் நாற்பத்தோரு ஜோடிகளைத் தன் மேசைக்கு எதிர் நாற்காலியிலிருந்து கோவிலுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அவளுக்கும் அவளோடு குடித்தனம் நடத்தும் அலோவுக்கும் அந்தக் காகிதம் கிடையாது.

அலோ கேரட் பயிரிடுகிறவர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இருவரும் பித்துங் துறைமுகத்தில் இருந்தபோது கல்யாணத்துக்கென்று ஆறு பன்றி வளர்த்தார்கள். ஆறும் ஒரே வாரத்தில் நோயில் போயின. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் மகன் பிறந்தான், பிறகு மகள், பிறகு தொமோஹோனுக்குக் குடிமாற்றம். இங்கே வந்தபோது கையில் இரண்டு பிள்ளைகள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பள்ளியில் வேலைக்கு எழுதிக்கொடுத்த தாளில் மட்டும் கேட்டிருந்தது. "பித்துங் கோவிலில் மணம், சான்று வீட்டில் உள்ளது" என்று எழுதிவிட்டாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்றுவரை வியப்பு.

ஊழியர்களின் கோப்புகளும் அவள் பொறுப்பில்தான் இருந்தன. அதனால் தன் கோப்பை அவளே திறந்து அவளே மூடிக்கொண்டிருந்தாள்.

இந்த மே மாதம் அறக்கட்டளைக்குப் புதுத் தலைவர் வந்தார். பெற்றோரிடம் கேட்கிற எல்லாவற்றையும் ஊழியரிடமும் கேட்க வேண்டும், ஜூன் முடிவதற்குள் கோப்புகள் நேராக வேண்டும், சான்று இல்லாதவருக்கு ஜூலையிலிருந்து வேலை இல்லை என்று கடிதம் எழுதினார். நியாயமான கடிதம்தான், குறை சொல்ல இடமில்லை. அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்ட வேண்டியவளும் டெய்ச்சேதான். ஒட்டிவிட்டு வந்து தன் கோப்பை எடுத்து மற்றவற்றுக்கு அடியில் வைத்தாள்.

தலைமையாசிரியர் ருமெங்கான் மறுநாள் தலையை நீட்டினார். "உன் சான்று மட்டும்தாம்மா பாக்கி. வீட்ல தேடிப் பாரு."

"தேடறேன், பாக்," என்றாள். 'பாக்' என்றால் எங்கள் ஊரில் ஐயா.

இரண்டு வழிதான். ஏதாவது சொல்லிக்கொண்டே ஜூன் முடியும்வரை இழுத்து, காகிதம் தொலைந்ததென்று வேலையை விடுவது; இல்லாவிட்டால் தன் பெயரையும் கோவிலில் வாசிக்கக் கொடுப்பது. முதலாவதுதான் சுலபம் என்று தோன்றியது. ஐம்பத்திரண்டு வயதில் வேலை போனால் பரிதாபப்படுவார்கள். இரண்டாவதில் நாற்பத்தோரு ஜோடிகளும் வந்து நிற்பார்கள், இவளா நமக்குச் சொன்னாள் என்று.

அந்த வாரத்திலேயே ஸ்டென்லியும் ஓல்வியும் வந்தார்கள். அவன் சிற்றுந்து ஓட்டுகிறவன், அவள் சந்தையில் கருவாடு விற்கிறாள். நடுவில் ஆறு வயது மகள் கிராசியா, புத்தகப்பை வாங்குவதற்கு முன்பே தண்ணீர்க் குப்பியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். டெய்ச்சே கூரையில் ஆரம்பித்து வழக்கம்போல் திருமணச் சான்றில் முடித்தாள்.

ஓல்வி எழுந்துவிட்டாள். "வாங்க, போலாம். இது நமக்குச் சரிப்படாது."

"உக்காரும்மா. பன்றிக்கு நான் வழி சொல்றேன்."

"பன்றிக்கு என்ன என்சி, இவரோட அப்பாவே ரெண்டு வெச்சிருக்காரு. பேரு வாசிப்பாங்க பாருங்க, அது என்னால முடியாது. சந்தையில எனக்கு எதிர்க் கடைக்காரி முன் வரிசையிலதான் உக்காருவா. பிள்ளைய அரசாங்கப் பள்ளிக்கூடத்துலயே போட்டுக்கறோம்."

"எந்தப் பள்ளிக்கூடமும் நல்லதுதான். ஆனா பயந்துக்கிட்டுப் போகாதே. ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க, நான் சொல்றேன்."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க," என்றாள் ஓல்வி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "உங்க பேரையா வாசிக்கப்போறாங்க?"

டெய்ச்சே விசிறித் தாளை மேசைமேல் வைத்தாள். பத்தொன்பது வருஷமாக அந்த வாக்கியத்தை மற்றவர்களுக்குச் சொன்னவள், அது உண்மையா என்று ஒரு நாளும் தானே போய்ப் பார்க்கவில்லை. அந்த வெட்கம்தான் மற்றப் பயத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

"வாசிக்கட்டும்," என்றாள். "உன் பேரோட சேத்து என் பேரையும். எனக்கும் அலோவுக்கும் இன்னும் கல்யாணம் ஆகல."

ஸ்டென்லி தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஓல்வி மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தாள்.

அவர்கள் போனதும் தன் கோப்பை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ருமெங்கான் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"நீ பொய் எழுதிக் குடுத்தத நான் மறைக்க முடியாது. அறக்கட்டளைக்கு எழுதுவேன்."

"எழுதுங்க பாக்."

"சான்று கைக்கு வர்ற வரைக்கும் அந்த மேசையில நீ உக்காரக் கூடாது. வந்தப்புறமும் அவங்க சரின்னா உண்டு, இல்லேன்னா இல்ல. நான் உனக்காகப் பேசுவேன். அவ்வளவுதான் என்னால ஆகும்."

நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. இருந்தாலும் மேசை இழுப்பறைச் சாவியைக் கழற்றிக் கொடுக்கும்போது கண் கலங்கியது.

அலோ தோட்டத்தில் கேரட்டுகளை ஓடையில் அலசிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை பேரு வாசிக்கணும் அலோ. ஒத்துக்குவியா?"

"நான் எப்ப மாட்டேன்னேன்? பன்றி செத்த மறுவாரமே ஒரு கோழிய அடிச்சுப் பண்ணிக்கலாம்னேன். கோழியில கல்யாணமான்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டவ நீ."

"நாலு பேரு என்ன சொல்வாங்கன்னு."

"அந்த நாலு பேரத்தான் நானும் இருவத்தஞ்சு வருஷமாத் தேடறேன். கண்ணுல பட மாட்டேங்கறானுங்க." ஒரு கேரட்டை உதறி அவளிடம் நீட்டினார். "தின்னு. வெளுத்துப் போயிருக்க."

ஞாயிறன்று கோவில் நிரம்பியிருந்தது. இரண்டு பாட்டுகளுக்குப் பிறகு மூப்பர் அறிவிப்புத் தாளை எடுத்தார். நோயாளிகள், பிறந்தநாள்காரர்கள், பிறகு திருமண அறிவிப்பு. ஸ்டென்லி பெயர், ஓல்வி பெயர். அடுத்து அலோ வோவோர், டெய்ச்சே கலாங்கி. ஆட்சேபம் உள்ளவர் திருமணத்துக்கு முன் தெரிவிக்கலாம்.

டெய்ச்சே மடியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். முன்பெஞ்சு கிறீச்சிடும், தலைகள் திரும்பும் என்று. ஒரு தலையும் திரும்பவில்லை. மூப்பர் அடுத்ததாகத் தண்ணீர்க் குழாய் பழுதைப் பற்றி வாசித்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும் வரிசையில் நோர்ச்சே வந்தாள். பாடகர் குழுவில் பாடுகிறவள், பதினோரு வருஷத்துக்கு முன் டெய்ச்சே கோவிலுக்கு அனுப்பிய ஜோடிகளில் ஒருத்தி.

"ஒருவழியாப் பேரக் குடுத்துட்டீங்களா, என்சி," என்றாள்.

டெய்ச்சே அவள் கையை விடவில்லை. "உனக்குத் தெரியுமா?"

"பித்துங்ல என் அத்த இருக்காங்களே. எனக்கு மட்டுமா, இங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க?"

நோர்ச்சே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"பாதிரியாரு ரெண்டு தரம் வந்து கல்யாணம் பண்ணிக்கச் சொன்னாரு, நான் அசையல. அவருக்கு என்ன தெரியும்? நீங்க ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்கன்னு சொன்னப்ப உங்க கை நடுங்கிச்சு. சரி, இவளுக்கும் நம்ம பயந்தான், இருந்தும் நம்மளப் போகச் சொல்றாளேன்னுதான் போனேன்."