குண்டுப் பையனின் மூச்சு

என் கொழுந்தனாரின் மகன் குண்டாகப் பிறந்தான். ஒரே வீட்டில், அதே மாதத்தில் பிறந்த என் மகள் மிளகுக்கொடி மாதிரி மெலிந்திருந்தாள். பார்க்க வருகிறவர்கள் அவனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, என்னிடம் திரும்பி, "உங்களுக்குப் பால் பத்தலீங்களா?" என்பார்கள். எனக்கு வயிறு எரியும். அதை மறைக்கவும் எனக்குத் தெரியாது. அவன் பால் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். என் கண் பட்டுவிடுமாம்.

அந்த ஐப்பசி மழையில் ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு இருமல். முதலில் மாட்டியது என் மகள்தான். செம்மேடு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "இது வைரஸ் சளிங்க. பெரும்பாலும் தானாவே சரியாயிரும். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி பால் குடுங்க. குடிக்க முடியாமத் திணறுனாலோ, மூச்சு இழுக்கறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ உடனே தூக்கிட்டு வந்துருங்க." மகள் தேறினாள், இன்னும் இளைத்துப் போய். அடுத்து அவன் இருமினான். அப்போதும் கொழுகொழுவென்றுதான் இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவன் பால் குடிக்காமல், முந்தானைக்குள்ளிருந்து தலையை வெளியே இழுத்து இழுத்துச் சிணுங்கினான். அப்பாடா, இவனும் குடிக்கவில்லை என்று ஒரு நொடி மனசு குளிர்ந்தது. உடனே நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்து, எழுந்து அவள் பக்கத்தில் போனேன்.

"ஏம்புள்ள, அவன் சட்டையத் தூக்கு."

"வேண்டாங்கக்கா. நீங்க பாத்துப் பாத்துத்தான் புள்ளைக்கு இப்படி ஆயிப்போச்சு."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "எங்கண்ணு கொள்ளிக்கண்ணாவே இருந்துட்டுப் போகட்டும்" என்று கத்திக்கொண்டு நானே சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அவளும் பார்த்தாள். கொழுந்தனார் வண்டியை எடுக்க, பிள்ளையை அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்றார்களாம். சில நாள் கழித்து வீடு திரும்பியதும் அவனை என் மடியில் கிடத்தி, சட்டையை அவளே விலக்கினாள்.

"மூச்சு சரியா இருக்குதுங்களாக்கா? நல்லாப் பாருங்க."

பார்த்தேன். வயிறு சீராக ஏறி இறங்கியது. அத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தும் என் மகளைவிட அவன்தான் குண்டு.

"நல்லாருக்கான் புள்ள" என்றேன். பொறாமை அப்படியேதான் இருந்தது. அது தெரிந்தும் அவள் அவனை என் மடியிலேயே விட்டுவிட்டு, கஞ்சி காய்ச்சப் போனாள்.