நீர் இருந்த வாங்கு

காலை ஆறு நாற்பது. சாப்பாட்டு மேசையில் முதலில் கண்ணில் பட்டது மனைவியின் போன். திரை எரிந்துகொண்டிருந்தது. ஒரு கால்வாய், அதன் கரையில் மஞ்சளும் சிவப்புமாய் வீடுகள், முன்னால் ஆட்கள் உட்காருவதற்குப் பச்சை நிறம் பூசிய ஒரு மர வாங்கு. படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: 'நீர் இருந்த வாங்கு இன்னும் இஞ்சை கிடக்கு.'

நான் போனைத் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை, குனிந்தாலே வாசிக்கலாம். குனிந்தேன். வாங்கில் ஒருவரும் இல்லை. இடது கைப்பிடியில் பூச்சு உரிந்திருந்தது. பத்திரிகையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு படம் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். யார், எப்போது, யாரோடு என்ற மூன்றும் இல்லாத படவிளக்கம்.

ரொறன்ரோவில் ஆறு நாற்பது என்றால் கொப்பன்ஹேகனில் மத்தியானம். சாப்பாட்டு நேரம். ஒரு மனிதர் சாப்பாட்டை விட்டுவிட்டு வேலையிடத்திலிருந்து வெளியே வந்து, கால்வாய்க் கரைக்கு நடந்துபோய், வெறும் வாங்கு ஒன்றைப் படம் எடுத்திருக்கிறார்.

அந்த மனிதரை நான் கண்டதில்லை. கனடாவுக்கு வருவதற்கு முன்னர் மனைவி சில காலம் கொப்பன்ஹேகனில் சின்னம்மா வீட்டில் இருந்தவள். அங்கே டெனிஷ் மொழி படிக்கப் போன வகுப்பில் கூடப் படித்தவர் அவர். போன மாரியில் ஏதோ ஒரு வட்ஸ்அப் குழுவில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மறுபடி கண்டுபிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்களுக்குள் வேற்று ஆண் ஒருவரை அண்ணை என்றோ தம்பி என்றோ சொன்னால் பிரச்சினை முடிந்தது. மனைவி அவரை இரண்டும் சொல்வதில்லை. 'கூடப் படிச்சவர்' என்பாள். அவர் அவளை 'நீர்' என்கிறார். நீயும் இல்லை, நீங்களும் இல்லை; எங்கள் வீட்டில் மனைவியைக் கூப்பிடும் அந்தச் சொல் என்னுடையது.

வாங்குப் படம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஓகஸ்டில் லண்டனில் மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்து திரும்புவதற்கு இடையில் நான்கு இரவுகள் மிஞ்சின. படம் வருவதற்கு முந்திய சனிக்கிழமை மகள் எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ருக்கு லப்ரொப்போடு வந்து, அதை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, சொந்தக்காரர் இல்லாத ஒரு சிற்றியைச் சொல்லுங்கோ. ஜஸ்ற் யூ அன்ட் அம்மா. ஃபோர் வன்ஸ்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பேச்சில் ஓர் ஊரில் தங்குவதை 'நிற்கிறது' என்போம். எங்கை நிக்கிறியள் என்று கேட்டால், அண்ணை வீட்டிலை, மச்சாள் வீட்டிலை என்றுதான் பதில் வர வேண்டும். ஹொட்டலில் என்று சொன்னால் கேட்டவரின் முகம் மாறும். லண்டன், பரிஸ், மொன்றியல் எல்லாம் அப்படித்தான் பார்த்தோம். பெண்கள் அறைக்குள், ஆண்கள் ஹோலில் காற்றடைத்த மெத்தையில். கல்யாணம் கட்டிய நாள் தொட்டு, வெளியூர் ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் ஓர் அறையில் நின்றதில்லை. அந்த நான்கு நாட்களை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை மகளுக்குக் காட்டிக்கொள்ளாமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வாய் திறக்க முதல் மனைவி சொன்னாள்: "கொப்பன்ஹேகன். லண்டனிலை இருந்து உங்கை தானே."

யாழ்ப்பாணத்துப் பேச்சில் இடம் மூன்று. இஞ்சை என்றால் பேசுகிறவர் பக்கம். அங்கை என்றால் தூரம். உங்கை என்றால் கேட்கிறவர் பக்கம், அல்லது எட்டிப் போய்விட்டு வந்துவிடக்கூடிய கிட்டடி. எழுத்தில் அது வராது. பத்திரிகையில் கட்டுரைகளைத் திருத்தும்போது 'உங்கை' கண்ட இடமெல்லாம் 'அங்கே' என்று மாற்றியிருக்கிறேன். அதனாலோ என்னவோ, அந்தச் சொல் எங்கே விழுந்தாலும் காதில் படும். கூடப் பிறந்த அண்ணன் இருக்கிற லண்டன் மனைவிக்கு எப்போதும் 'அங்கை'. கொப்பன்ஹேகன் மட்டும் 'உங்கை'.

அந்தச் செய்தி அவருக்கும் போய், வாங்குப் படம் வந்த அன்று, தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன்.

"உது என்ன வாங்கு?"

"எந்த வாங்கு?"

"நீர் இருந்த வாங்கு."

அவள் போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வகுப்பு முடிய எல்லாரும் அதிலை இருந்துதான் பாண் சாப்பிடுறனாங்கள். ஒரு சோமாலியாப் பிள்ளை, ஒரு ஈரான்காரர், ரெண்டு பொஸ்னியாக்காரர், அவர், நான்."

"அது மூண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய வாங்கு."

"அளந்து பாத்தனீங்களோ?"

"படத்திலை தெரியுது."

"பேப்பர்க்காரப் புத்தி. மிச்ச ஆக்கள் நிண்டவை எண்டு போடுங்கோ."

இருந்தவர் யார், நின்றவர் யார் என்று அவள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் அழைத்தார். மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். குரல் நான் நினைத்ததைவிட இளமையாக இருந்தது.

"எங்கை நிக்கிறியள் எண்டு நான் கேக்கவே மாட்டன். என்ரை வீடு கிடக்கு, நான் தனி ஆள். கல்யாணமும் இல்லை, கரைச்சலும் இல்லை. ரெண்டு பேரும் நேரை வாங்கோ."

பிறகு டெனிஷில் ஏதோ கேட்டார். மனைவி ஒரு கணம் நிறுத்தி, கையில் இருந்த என் சேட்டு ஒன்றைக் கட்டிலில் வைத்துவிட்டு, டெனிஷிலேயே பதில் சொன்னாள். அவர் திருத்தினார். அவள் திருப்பிச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த மொழியில் அவளுடைய குரல் கொஞ்சம் மேலே போகிறது. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. என் சேட்டின் ஒரு கை கட்டிலில் இருந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரமே ஸ்ரொக்ஹோமைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

ஒரு வாரம் வாசித்தேன். தீவுகளின் மேல் கட்டிய நகரம். நடுவில் பழைய நகரம், கல் பாவிய ஒடுங்கிய ஒழுங்கைகள், அரண்மனை வாசலில் காவல் மாறும் நேரம். கடலுக்கு அடியில் இருந்து தூக்கி எடுத்த பழைய போர்க்கப்பல் ஒன்றுக்கு மேலே முழு மியூசியம் கட்டி வைத்திருக்கிறார்கள். தீவுக்குத் தீவு படகு. பழைய நகரத்தில் ஓர் ஒழுங்கை ஒரு மீற்றர் அகலமும் இல்லை. அதில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாது. மூன்று பேரைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, மகளும் இருக்கும்போது, வழக்கைத் தொடங்கினேன். அந்த மனிதரைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. எங்கள் ஆட்களின் வழக்கத்தை மட்டும் எடுத்தேன்.

"கொப்பன்ஹேகனிலை உம்மடை சின்னம்மாவின்ரை பிள்ளையள் மூண்டு வீடு. ஒரு வீட்டிலை நிண்டால் மற்ற ரெண்டு வீடும் கோவிக்கும். வெளி ஆள் வீட்டிலை நிண்டால் மூண்டு வீடும் கோவிக்கும். ஹொட்டலிலை நிண்டால் லண்டன் வரைக்கும் கதை போகும்."

"அம்மா! அங்க ரிலேட்டிவ்ஸ் இருக்கினம் எண்டு நீங்க சொல்லேல்லை. தற்ஸ் சீற்றிங்," என்றாள் மகள்.

"சொல்லாமல் போவம்," என்றாள் மனைவி.

"நீர் சொல்லாட்டிலும் ஆராவது சொல்லுவினம். கோயிலடியிலை ஒருத்தர் எங்களைக் கண்டாலே போதும். ஸ்ரொக்ஹோமிலை எங்களுக்கு ஒரு குஞ்சும் இல்லை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் மகளுடைய லப்ரொப்பைத் தன் பக்கம் திருப்பி, பழைய நகரத்தின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"உங்களுக்கு விருப்பமெண்டால் சரியப்பா. எனக்கு எந்த ஊரும் ஒண்டுதான். நீங்கள் முகத்தை நீட்டாமல் வந்தால் காணும்."

"நான் எப்ப நீட்டினனான்?"

"போன ஞாயிறு தொட்டு," என்றாள். மகள் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

பழைய நகரத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஹொட்டல் பிடித்தோம். ஓர் அறை, ஒரு கட்டில், ஒழுங்கையைப் பார்த்த யன்னல். மலிவாகக் கிடைத்தது, ரத்துச் செய்தால் காசு திரும்பி வராது என்று மகள் இரண்டு தரம் சொன்னாள். நான்தான் பட்டனை அமத்தச் சொன்னேன். அன்று முழுவதும் எனக்கு மனம் லேசாக இருந்தது. தமிழ்க் கடைகள் இருக்கிற பிளாசாவுக்குப் போய், கேட்காமலே மனைவிக்குப் பிடித்த மீன் றோல்ஸ் வாங்கி வந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் அவர் இருந்தார். நான் மேசையில் பத்திரிகை விரித்து வைத்திருந்தேன்.

"எல்லாம் புக் பண்ணியாச்சு," என்றாள். "கொப்பன்ஹேகன் இல்லை. இவர் ஸ்ரொக்ஹோம் பாக்க வேணுமாம்."

நான் பக்கத்தைத் திருப்பவில்லை.

"ஸ்ரொக்ஹோமோ?" அவர் சிரித்தார். "உது உங்கை தானே! நான் வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வாறன். அண்ணைக்கு நகரம் முழுக்கக் காட்டுறன். நான் உதிலை ரெண்டு வருசம் வேலை செய்தனான், நீர் மறந்திட்டீரோ?"

கத்தி நின்றது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய உதடு ஒரு பக்கம் ஒதுங்கியது, சிரிப்பை அடக்கும்போது வருகிற அந்த ஒதுக்கம்.

"அண்ணை பக்கத்திலையோ? நான் சுகம் கேட்டதெண்டு சொல்லும்."

"பக்கத்திலைதான். கேட்டுக்கொண்டு இருக்கிறார்," என்றாள்.

நான் என் போனை எடுத்துத் தேடினேன். கொப்பன்ஹேகனில் இருந்து ஸ்ரொக்ஹோமுக்கு நேரடி ரயில் ஓடுகிறது. ஐந்து மணித்தியாலமும் சொச்சமும்.