நீள ஆணி பூட்டிய சனிக்கிழமை

2006 ஒக்டோபர், காலை 6.40. விக்டோரியா பஸ் நிலையத்தில் இறங்கியபோது இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. ஜேர்மனியிலிருந்து பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் குந்தியிருந்தால் அப்படித்தான். எங்கள் ஆட்கள் லண்டனுக்குக் கலியாணத்துக்கு வருவார்கள், நகை வாங்க வருவார்கள். நான் ஒரு ஸ்கொட்லாந்துக்காரனிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன்.

அவன் பெயர் ஹேமிஷ். இருபத்திரண்டு வயதில் கிளாஸ்கோவிலிருந்து எங்கள் சிறிய ஜேர்மன் நகரத்துக்கு உதைபந்தாட வந்தவன். அந்தக் கழகத்தில் உடுப்புத் தோய்ப்பதும் சப்பாத்துத் துடைப்பதும் என் வேலை. அங்கே ஜேர்மன் பாஷையைக் கடித்துத் துப்பியவர்கள் நாங்கள் இருவரும்தான், அதனாலேயே ஒட்டிக்கொண்டோம். வழுக்காமலிருக்கச் சப்பாத்தின் அடியில் திருகும் ஆணிகளை மற்றவர்கள் தாங்களே பூட்டுவார்கள். ஹேமிஷ் மட்டும் என்னை நம்பி விட்டுவிடுவான்.

ஒரு பருவத்தில் பதினொரு கோல் அடித்தான். பெரிய கழகமொன்று அவனைப் பார்க்க ஆள் அனுப்பிய சனிக்கிழமை, மாசி மாதம். மைதானம் பளபளவென்று நனைந்திருந்தது. ஈரம் என்றால் சேறு, சேறு என்றால் நீள ஆணி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் மூளைக்கு அதற்கு மேல் எட்டவில்லை. மேலே கொஞ்சம் உருகி, கீழே நிலம் கல்லாக உறைந்திருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? இருபதாவது நிமிடத்தில், ஆணி இறங்க இடமில்லாமல் வழுக்கி, அவன் முழங்கால் திரும்பியது. அதன் பிறகு அவன் விளையாடவே இல்லை. நானும் ஆணியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

காலை 8.15. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வந்து ஈஸ்ட் ஹாமில் இறங்கினேன். முன்பு எங்கள் ஜேர்மன் ஊரில் இருந்து, இப்போது செவன் கிங்ஸில் கடை வைத்திருக்கும் தவம் அண்ணை வான் வண்டியுடன் காத்திருந்தார். அவர் கடைக்குப் போக, மூன்று மைல் தூரத்துக்கு நெரிசலில் அரை மணி நேரம் எடுத்தது.

"அண்ணை, ஆளை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"நான் எங்க கண்டுபிடிச்சன்? கடையில நிண்டு போனில ஒருத்தனை ஜேர்மனில திட்டிக்கொண்டிருந்தன். பேப்பர் வாங்க வந்த வெள்ளைக்காரன், நீ எந்த ஊர் எண்டு ஜேர்மனிலயே கேட்டான்."

"என்னைப் பற்றிக் கேட்டவனோ?"

"ஓம். சுகமா இருக்கிறானோ எண்டு. நீ ஏன் முகத்தைத் தொங்கப்போடுறாய்? ரோல்ஸைச் சாப்பிடு."

காலை 10.30. ஹேமிஷ் இப்போது ஒரு பள்ளிக்கூட மைதானத்தைப் பராமரிக்கிறான். வெள்ளைக் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வலது கால் மடங்காமல் இழுபட்டது. அதைக் கண்டதும் எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கள் பழைய உடைந்த ஜேர்மனில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அண்டைக்கு நீள ஆணி பூட்டினது நான்" என்றேன்.

"தெரியும். மானேஜர் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்திட்டு, ஆர் பூட்டினது எண்டு கேட்டார். நான் கேட்டுத்தான் பூட்டினது எண்டு சொல்லிட்டன்."

"ஏன்?"

"உன்ர விசா அந்த வேலையில தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது."

"போனனியோ?"

"போனன். மூண்டு மாசம். விளையாட ஏலாதவனை அங்க ஆருக்கும் தேவைப்படேல்லை."

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வந்தவன் நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு எங்கள் இருவரின் ஜேர்மனும் போதவில்லை. நான் அழுதேன். கோடு இன்னும் காயவில்லை, மிதிக்காதே என்றான். பிறகு கோடு நேராக வர இழுத்துப் பிடிக்கும் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் தந்தான். மத்தியானம் வரை நான் பிடிக்க, அவன் கோடு போட்டான்.

பிற்பகல் 3.30க்கு விக்டோரியாவில் பஸ் ஏறினேன். டோவர் துறைமுகத்தில், கப்பல் ஏறுமுன்பே சோதிக்கும் பிரெஞ்சு அதிகாரி என் ஜேர்மன் கடவுச்சீட்டை விரித்துப் பார்த்துவிட்டு, போகலாம் என்று தலையசைத்தார். அந்தக் கடவுச்சீட்டு என் சொந்த உழைப்பில் கிடைத்தது என்றுதான் இத்தனை வருடமும் பிள்ளைகளிடம் சொல்லிவந்தேன். வீட்டுக்குப் போனதும் அவர்களுக்கு ஹேமிஷின் பெயரைச் சொல்ல வேண்டும்.