டெரிக் ஓல்ட்ராய்டின் பயம்

மேவிஸுக்கு எழுபத்தெட்டு வயது. அவள் கணவன் டெரிக் ஓல்ட்ராய்ட், பிரேக் இல்லாத பைக்கில் மண் தடத்தைச் சுற்றிப் பறக்கும் ஸ்பீட்வே பந்தய வீரன். யார்க்‌ஷயரில் ஒரு சனிக்கிழமைப் பந்தயத்தில் வேலியில் மோதி அவன் செத்து ஐம்பது வருஷமாகிறது. நினைவுநாள்தோறும் பழைய ரசிகர்கள் பப்பில் கூடி, அவளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு பழங்கதை பேசுவார்கள்.

இந்த வருஷமும் அந்த ரசிகர்களில் ஒருவரான ஸ்டான்லி பியர் கோப்பையோடு ஆரம்பித்தார். "டெரிக் மாதிரி இன்னொருத்தன் பொறந்து வரணும்பா. பயம்னா என்னன்னே தெரியாத பய!"

"அவனுக்கா பயமில்ல?" என்றாள் மேவிஸ். "ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளம்புறதுக்கு முன்னாடி வாந்தி எடுப்பான். நான்தான் வாளியப் பிடிச்சுக்குவேன். கடைசி நாள் 'நான் போகல மேவிஸ்'னு அழுதான். 'உன்னப் பாக்க அத்தன பேரு காத்திருக்காங்க'ன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்."

ஸ்டான்லி கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேலிய ஒட்டிப் போடான்னு அன்னைக்குக் கத்துனது நாங்கதான் மேவிஸ்," என்றார்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். அடுத்த வருஷம் யாரும் கூடவில்லை.