பத்து விரலிலும் மை

மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மே மாத மத்தியானம் நடந்தது இது. அங்கே ஒரு ஜவுளிக்கடையில் எனக்குப் பில் போடும் வேலை. காலையில் பேப்பரை மேய்ந்துவிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கும் பெண்களுக்கு அரசியல் பாடம் எடுப்பேன். எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவதில் என்னை அடிக்க ஆளில்லை!

கொரோனாவால் பள்ளித் தேர்வுகளும் நீட்டும் தள்ளிப்போயிருந்த அந்த வருடம், என் மகள் பிளஸ் டூ. டாக்டராகத்தான் ஆவேன் என்று சின்ன வயதிலிருந்தே ஒரே பிடிவாதம். நீட் தேர்வு வேண்டாம் என்று நம் சட்டசபையில் மசோதா நிறைவேறிய செய்தியைப் பேப்பரில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்தது தலைப்பை மட்டும்தான். அன்றைக்கே அவளுடைய நீட் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டேன்.

"எம்மா, டீச்சர் அப்ளை பண்ணத்தான் சொல்லுதாவ" என்று இரண்டு தடவை இழுத்தாள்.

"சட்டமே வந்துட்டு. நீ பப்ளிக் பரீட்சைக்குப் படிட்டி" என்று அவள் வாயை அடைத்தேன்.

அந்த மத்தியானம் ரேஷன் கார்டு நகல் எடுக்க, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் தெரிந்தவர்தான், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பார். மிஷினைப் பார்த்தபடியே, "யக்கா, பிள்ளைக்கு நீட் போட்டாச்சா? இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்றார். நான் சிரித்தேன். அதான் நம் சட்டசபையில் சட்டம் போட்டாகிவிட்டதே என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இங்கன நிறைவேறுனது மசோதாதான்க்கா. டெல்லியில ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்குல்லா? ரெண்டும் முட்டுச்சுன்னா டெல்லி சட்டம்தான் நிக்கும். ஜனாதிபதி கையெழுத்துப் போட்டாத்தான் நம்மது செல்லும். இன்னும் போடலியே!"

என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். பிள்ளையின் போட்டோ, கையெழுத்து, கைரேகை எல்லாம் வேண்டுமாம். ஆறு மணிக்குக் கடையை அடைத்துவிட்டுப் பத்தமடையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும், அதற்குள் கூட்டி வந்துவிடுங்கள் என்றார். இதையெல்லாம் செய்து தர எனக்கு வேறு ஆளும் தெரியாது.

மகளின் பள்ளிக்கூடம் டவுனில். அன்றைக்குப் பார்த்துச் செய்முறைத் தேர்வு. முடியும்வரை வெளியே விட முடியாது என்று வாட்ச்மேன் கையை விரித்துவிட்டார். வெயிலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்று விட்டால் ஒரு வருடம் போச்சு. என் வாயால் போச்சு.

அப்போதுதான் உறைத்தது. அந்த டெல்லிச் சட்டத்தை யார் போட்டது? எம்.பி.க்கள். அதற்கு முன்பு நடந்த எம்.பி. தேர்தலன்று நான் என்ன செய்தேன்? கடைக்கு லீவு என்று கறி எடுத்துக் குழம்பு வைத்து, சாப்பிட்டுத் தூங்கினேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். ரோடு, தண்ணீர், ரேஷன் எல்லாம் எம்.எல்.ஏ. பார்ப்பார், அதனால் அந்த ஓட்டு முக்கியம். எம்.பி. ஓட்டு டெல்லிக்காரர்கள் சமாச்சாரம் என்று நானே பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

ஐந்து மணிக்கு மேல்தான் மகள் வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியதும் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி பழுது. கால் மணி நேரம் பார்த்தோம், அசையவில்லை. இறங்கி, பாலம் முழுக்க ஓட்டமும் நடையுமாக வந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள்.

கடையை அடைந்தபோது மணி ஆறைத் தாண்டிவிட்டது. அவர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஷட்டரைத் தூக்கிவிட்டார். "பதறாதிய, பைய உக்காருங்க. கல்யாணம் நாளைக்குக் காலையிலதான்" என்றார். சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்தார். ஸ்டாம்ப் பேடில் அவளுடைய பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். போனுக்கு வர வேண்டிய ஓ.டி.பி. எண் வருவதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. விண்ணப்பம் ஏறிவிட்டது என்று அவர் சொன்னபோது மணி ஏழேகால். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். நன்றி சொல்லக்கூட விடவில்லை.

முந்தானையால் மகளின் விரல்களைத் துடைத்துக்கொண்டே, தேர்தலன்று தூங்கியதை அவளிடம் சொல்லி அழுதேன்.

"எம்மா, நீ அன்னைக்கு ஒரு விரல்ல மை வைக்காம தூங்குனேல்லா, அதான் நான் இன்னைக்குப் பத்து விரல்லயும் வச்சிருக்கேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரணில் கிடந்த மாதங்கள் திரும்பி வருமா? தேர்வு எழுதினாள், இடம் கிடைக்கவில்லை. இப்போது பார்மசி படிக்கிறாள். என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வந்த எம்.பி. தேர்தலன்று காலை ஏழு மணிக்கே அவளும் நானும் வரிசையில் நின்றோம். அது அவளுக்கு முதல் ஓட்டு. என் ஒரு ஓட்டால் எந்தச் சட்டம் மாறும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நமக்காக டெல்லியில் பேசப் போகிறவரை அனுப்புகிற நாளில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன் என்பது, அந்தப் பாலத்தை பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் இன்றும் என்னை உறுத்துகிறது.