ஒரு கையால் தூக்குகிற கம்ப்யூட்டர்

சடையங்குப்பத்தில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். வீட்டிலேயே மனு டைப் அடித்துக் கொடுத்துவந்த நான், கம்ப்யூட்டர் வாங்கப் போனபோது சின்னப் பெட்டியாகத்தான் கேட்டேன். பெரிய கேபினெட் என்றால் ரிப்பேர் பார்ப்பது சுலபம் என்று கடைக்காரர் எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை. கடையிலேயே ஒரு கையால் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன். வெள்ளம் வந்தால் இன்னொரு கையில் மகளைத் தூக்க வேண்டுமே.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானம் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு ஏறியதும் ஒயர்களைப் பிடுங்கினேன். பெட்டி நனைந்தால் பிழைப்பு போச்சு என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் மெயின் ரோடு வந்து சேர்ந்தேன்.

பின்னாலேயே பக்கத்து வீட்டு மேரி அக்கா வந்தார். அவர் இடுப்பில் என் மூன்று வயது மகள்.

"இன்னா நைனா, கொயந்த கட்டில் மேல நின்னு அயுதுகினு கீது. நீ இன்னாடான்னா பொட்டிய தூக்கினு வந்துகீற."

மகளை வாங்கக் கை நீட்டப் பார்த்தேன், முடியவில்லை. அந்தச் சின்னப் பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கி அணைத்திருந்தேன்.

மேரி அக்கா இதை என் மனைவியிடம் சொல்லவே இல்லை. நானும் இன்றுவரை சொல்லவில்லை.